பழக்கம்: சிறைக்காவலர் பயிற்சி குறித்துச் சில குறிப்புகள்

பல வருஷங்களுக்கு முன் ரிமாண்டில் இருந்த நண்பர் ஒருவரை மனு போட்டுப் பார்க்கப் போயிருந்தேன். வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிற இரைச்சலில் ஒன்றும் பேச முடியவில்லை. வெளியே வந்தபிறகுதான் நிறையச் சொன்னார். ராத்திரி லாக்கப் கணக்கெடுக்க வருகிற வார்டர் கம்பியில் லத்தியால் ஒரு தட்டு தட்டி, 'எல்லாம் இருக்கீங்களாடா?' என்பாராம். உள்ளேயிருந்து யாராவது ஒருத்தர், 'இருக்கோம்யா, போய்ப் படுங்க' என்பாராம். அவ்வளவுதான், கணக்கு முடிந்தது. 'மூணு மாசத்துல ஒரு நாள்கூட அந்த மனுஷன் எங்களைப் பாக்கல' என்றார் நண்பர், சிரித்துக்கொண்டே. அந்த வார்டர் குறித்து அவர் இன்னொன்றும் சொன்னார். அதைப் பிறகு சொல்கிறேன்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லைக்குச் சற்றுத் தெற்கே, டானமோரா என்கிற சிறிய ஊரில் இருக்கும் கிளிண்டன் சிறையைப் பற்றிய ஓர் அரசு அறிக்கையைப் படித்தபோது இந்த வார்டர் நினைவுக்கு வந்தார். 2015 ஜூன் மாதம் அங்கிருந்து இரண்டு கைதிகள் தப்பினார்கள். சரியாக ஒரு வருஷம் கழித்து, 2016 ஜூனில், மாநிலத் தலைமை ஆய்வாளர் கேத்தரின் லீஹி ஸ்காட் தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டார். சிறையிலிருந்து ஆள் தப்பாமல் பார்த்துக்கொள்வது எப்படி, காவலரை அதற்கு எப்படிப் பயிற்றுவிப்பது என்பதெல்லாம் நமக்கு எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். சிறை என்றாலே கைதியின் பக்கம் நின்று பேசுவதுதான் நம் வழக்கம். அந்த வழக்கத்தை விட்டுக்கொடுக்காமலேதான் இதை எழுதுகிறேன். ஒரு தப்பித்தலுக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால், காவலர் பயிற்சி என்பது கைதியின் பிரச்சினையும்தான் என்பது தெரியும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடலாம். ரிச்சர்ட் மேட், டேவிட் ஸ்வெட் இருவரும் கொலைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள். ஸ்வெட் கொன்றது ஒரு துணை ஷெரிஃபை. இவர்களைச் சாகச நாயகர்களாக்கும் உத்தேசம் எனக்கில்லை, அதை டெலிவிஷன் தொடர்கள் பார்த்துக்கொள்ளும். இருவரும் 'ஆனர் பிளாக்' என்று பெயரிடப்பட்ட, நன்னடத்தைக் கைதிகளுக்கான பகுதியில், அடுத்தடுத்த அறைகளில் இருந்தார்கள். அறையின் பின்சுவர் இரும்புத் தகடு. அதை ஹேக்சா பிளேடால் அறுத்து ஆள் நுழையும் ஓட்டை போட்டார்கள். தகட்டுக்குப் பின்னால் குழாய்களும் மின்கம்பிகளும் ஓடும் குறுகிய நடைபாதை. அதில் இறங்கி, சிறைக்கு அடியில் இருக்கும் சுரங்க வழிகளில் ஸ்வெட் பல வாரங்கள் இரவுதோறும் வேலை பார்த்தார். விடிவதற்குள் திரும்பிவந்து படுத்துக்கொள்வார். கடைசியில் சுமார் 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள நீராவிக் குழாய் ஒன்றை, குளிர்காலம் முடிந்து நீராவி நிறுத்தப்பட்டபின், அறுத்து உள்ளே புகுந்து, மதிலுக்கு வெளியே தெருவில் இருந்த மேன்ஹோல் மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். அறுத்த குழாயில் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டிவிட்டுப் போனார்கள்: இந்த நாள் இனிய நாளாகட்டும் என்ற பொருளில்.

ஜூன் 6 அதிகாலைக் கணக்கெடுப்பில்தான் படுக்கையில் இருப்பது ஆளில்லை, உள்ளே துணி திணித்த சட்டைகள் என்பது தெரிந்தது. பின் மூன்று வாரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலீசார் காடுகளைச் சல்லடை போட்டார்கள். 26ஆம் தேதி மேட் சுட்டுக் கொல்லப்பட்டார். 28ஆம் தேதி கனடா எல்லைக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் தூரத்தில் ஸ்வெட் சுடப்பட்டு உயிருடன் பிடிபட்டார்.

கருவிகள் உள்ளே வந்த விதம் எல்லோரும் அறிந்தது. தையற்கூடத்தில் மேற்பார்வை செய்த, காவலர் அல்லாத ஒரு பெண் ஊழியர் பிளேடுகளை வாங்கிவந்தார். உறையவைத்த மாட்டிறைச்சிக் கொத்துக்குள் அவை வைக்கப்பட்டன. அதை ஒரு காவலர், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல், உலோகச் சோதனைக் கருவியைச் சுற்றிக்கொண்டு எடுத்துப்போய் அறைகளில் கொடுத்தார். இருவரும் தண்டனை பெற்றார்கள். இவர்கள் பெயரெல்லாம் பத்திரிகைகளில் வேண்டியமட்டும் வந்தது, இங்கே வேண்டாம். அந்தப் பெண்ணுக்கும் கைதிகளுக்குமான உறவு பற்றி எழுதப்பட்டதில் பத்தில் ஒரு பங்குகூடக் கணக்கெடுப்பு பற்றி எழுதப்படவில்லை. அறிக்கையைப் படித்தால் எனக்கு அதுதான் மையமாகத் தெரிகிறது.

கிளிண்டன் சிறையில் இரவு முழுக்கப் பலமுறை கணக்கெடுக்க வேண்டும். காவலர் டார்ச் அடித்து ஒவ்வோர் அறையிலும் கைதியின் தோலையோ அசைவையோ, உயிரோடு இருப்பதன் ஏதோ ஓர் அடையாளத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது விதி. ஒரே ஒரு இரவில், ஒரே ஒரு சுற்றில், ஒருவர் ஒழுங்காகப் பார்த்திருந்தாலும் ஸ்வெட்டின் படுக்கையில் இருந்தது துணிமூட்டை என்பது தெரிந்திருக்கும். ஒருவரும் பார்க்கவில்லை. சில சுற்றுகள் போகப்படவே இல்லை, ஆனால் படிவங்கள் ஒழுங்காக நிரப்பப்பட்டு, கையெழுத்திடப்பட்டு, கூட்டுத்தொகை சரியாக இருந்தது. அறையைச் சோதனை போட்டவர்கள் பின்சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை. பின்னால் இருந்த நடைபாதையை யாரும் பரிசோதிக்கவில்லை. வாசலில் ஊழியர்களின் பைகள் சோதிக்கப்படவில்லை. இத்தனைக்கும் ஒவ்வொன்றுக்கும் விதி இருந்தது. பயிற்சியும் இருந்தது. அதாவது, என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாததால் எவரும் தவறவில்லை.

புதிய விஷயமும் இல்லை இது. 1962 ஜூனில் அல்கட்ராஸ் சிறையிலிருந்து ஃபிராங்க் மாரிஸும் ஆங்லின் சகோதரர்களும் போனபோது, தலையணையில் முடி ஒட்டிய பொம்மைத் தலைகளை வைத்துவிட்டுப் போனார்கள். சிறை முடிதிருத்தகத்திலிருந்து எடுத்த நிஜ முடி. இரவு முழுக்க எண்ணியவர்கள் பொம்மைகளைத்தான் எண்ணினார்கள். 53 வருஷம் கழித்துக் கிளிண்டனில் அந்த முடிகூடத் தேவைப்படவில்லை.

இங்கே ஃபூக்கோவைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1975இல் வந்த அவரது சிறை பற்றிய நூல் வழியாக நாம் எல்லோரும் பெந்தாமின் பனாப்டிகானைக் கற்றுக்கொண்டோம். நடுவே கோபுரம், சுற்றிலும் அறைகள், தான் பார்க்கப்படுகிறோமா இல்லையா என்று கைதிக்குத் தெரியாது, ஆகவே அவனே தன்னைக் கண்காணித்துக்கொள்வான். தமிழில் 90களில் இதை எழுதாத சிறுபத்திரிகை இல்லை. நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த எழுத்துகளில் எல்லாம் கோபுரத்துக்குள் இருப்பவன் ஒரு தூய கண்ணாகவே இருந்தான். அவனுக்குத் தூக்கம் வராது, முட்டி வலிக்காது, இரண்டாவது ஷிஃப்ட் சேர்த்துப் பார்க்கச் சொல்லமாட்டார்கள். பெந்தாம் இந்த விஷயத்தில் நம்மைவிட விவரமானவர்: கீழ்க்காவலர்களும் தலைமைக் கண்காணிப்பாளரின் பார்வைக்குள் இருக்கவேண்டும் என்று திட்டத்திலேயே எழுதிவைத்தார். ஃபூக்கோவும் இதைக் கவனித்துச் சொல்கிறார். நாம்தான் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிட்டோம். கிளிண்டனில் நடந்தது பனாப்டிகானின் தலைகீழ். கைதிக்குத் தெளிவாகத் தெரியும், தன்னை யாரும் பார்ப்பதில்லை என்று. மாதக்கணக்காகக் காவலரைக் கவனித்து, அவர் எப்போது வருவார், டார்ச்சை எங்கே அடிப்பார், எந்த இடத்தில் கொட்டாவி விடுவார் என்று அவன் எழுதாத பதிவேடு ஒன்றைப் பராமரித்துவந்தான். கண்காணித்தது கைதி, கண்காணிக்கப்பட்டது காவலர்.

இனி தலைப்பில் உள்ள சொல்லுக்கு வருகிறேன். தமிழில் 'பழக்கம்' என்றால் இரண்டு அர்த்தம். திரும்பத் திரும்பச் செய்து மனம் இல்லாமலே கை செய்கிற காரியம் ஒன்று. 'அவரோட எனக்கு நல்ல பழக்கம்' என்கிறோமே, அது இன்னொன்று. சிறைத் தப்பித்தல் பற்றிய விசாரணை அறிக்கைகள் எல்லாம் இந்த இரண்டு பழக்கங்களையும் பற்றியவைதாம் என்றே எனக்குப் படுகிறது. கணக்கெடுப்பு தோற்றது முதல் பழக்கத்தால். தையற்கூடமும் இறைச்சியும் இரண்டாவது பழக்கத்தால்.

பிரிட்டிஷ் சிறைத்துறை ஆங்கிலத்தில் 'கண்டிஷனிங்' என்று ஒரு சொல் புழங்குகிறது. காவலர்களைக் கைதிகள் பதப்படுத்துவது. அதன் பெரிய உதாரணம் வடஅயர்லாந்தின் மேஸ் சிறை. 1981இல் பத்துக் கைதிகள் உண்ணாவிரதத்தில் மடிந்த அதே சிறை. அதன்பிறகு ஐ.ஆர்.ஏ. கைதிகள் உத்தியை மாற்றினார்கள். ஒத்துழைக்காமை போய், எடுபிடி வேலைக்கு முன்வந்தார்கள். தரை துடைத்தார்கள், டீ கொடுத்தார்கள், காவலரிடம் குடும்ப விசாரணை செய்தார்கள். இரும்புக் கதவுகளுக்கு இடையே அவர்கள் நடமாடுவது இயல்பான காட்சியானது. 1983 செப்டம்பர் 25 அன்று, ரகசியமாகக் கொண்டுவந்த கைத்துப்பாக்கிகளைக் காட்டி முழு பிளாக்கையும் கைப்பற்றி, உணவு லாரியில் ஏறி 38 பேர் தப்பினார்கள். கத்தியால் குத்தப்பட்ட ஒரு காவலர் இறந்தார். 1994இல் இங்கிலாந்தின் வைட்மூர் சிறையில், ஆகக் கடுமையான பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஆறு பேர் வெளியேறினார்கள். சில மணி நேரத்திலேயே பிடிபட்டார்கள் என்பது வேறு. அங்கே காவலர்கள் கைதிகளுக்காகக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிவரும் அளவுக்குப் 'பழக்கம்' முற்றியிருந்தது. தப்பித்தலுக்குப் பிறகு ஒரு கைதியின் ஓவியப் பெட்டியின் அடியில் செம்டெக்ஸ் வெடிமருந்து கிடைத்தது.

ஓவியம் என்றதும் மறுபடி கிளிண்டன். மேட் நன்றாக வரைவார். அந்த இறைச்சி கொண்டுபோன காவலருக்குப் படங்கள் கொடுத்தார், காவலர் பதிலுக்கு வண்ணங்கள் வாங்கிக்கொடுத்தார். பிறகு ஒரு குறடு, ஒரு திருப்புளி. சமையல் அடுப்புக்காகப் பின்பக்க நடைபாதையில் மின்கம்பியை மாற்றிக்கொள்ளவும் அனுமதித்தார். எல்லாம் சின்னச் சின்ன உதவி. அமெரிக்கக் காவலர் பயிற்சியில் நெடுங்காலம் புழங்கிய புத்தகம் ஒன்று உண்டு: 1981இல் ஆலனும் போஸ்டாவும் எழுதிய 'குற்றவாளிகள் ஆடும் ஆட்டங்கள்'. கைதி எப்படி உங்களை நோட்டம் விடுவான், எப்படி ஒரு சின்னச் சலுகை கேட்டுப் பார்ப்பான், எப்படி அந்தச் சலுகையையே பிடியாக வைத்துப் பெரியதைக் கேட்பான் என்று படிப்படியாக விளக்குகிற நூல். வர்ணனை தவறென்று சொல்லமாட்டேன், கிளிண்டனில் ஏறக்குறைய அப்படியே நடந்திருக்கிறது. ஆனால் இந்தச் சொல்லாடலில் கைதியின் ஒவ்வொரு மனித அசைவும் ஒரு 'ஆட்டம்' ஆகிவிடுகிறது. 'உங்க பொண்ணு பரீட்சை எழுதினாளே, என்ன ஆச்சு?' என்று கேட்பவன் சதிகாரன். கேட்காதவன் திமிர் பிடித்தவன். இப்படிப் பயிற்றுவிக்கப்பட்ட ஒருவரிடம் எட்டு மணி நேரம் இருக்க வேண்டிய கைதியின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு சிந்தனை பிரிட்டனிலேயே 80களில் கிளம்பியது. சிறை நிர்வாகியாக இருந்த இயன் டன்பர் அதற்கு 'டைனமிக் செக்யூரிட்டி' என்று பெயர் வைத்தார். 'உறவுவழிக் காவல்' என்று மொழிபெயர்க்கிறேன். திருப்தியில்லை, நல்ல சொல் இருந்தால் நண்பர்கள் எழுதுங்கள். மதிலும் பூட்டும் கேமராவும் ஆள் மதிலருகே வந்தபிறகுதான் வேலை செய்யும். கைதியோடு பேசுகிற, அவன் பெயரும் ஊரும் வழக்கும் தெரிந்த காவலருக்கோ, இரண்டு நாளாக அவன் சாப்பிடாததும் பேச்சு குறைந்ததும் திடீரென்று பொருள்களைப் பிறருக்குக் கொடுப்பதும் முன்கூட்டியே தெரியும். தப்பித்தலோ தற்கொலையோ அடிதடியோ, முதலில் தெரிவது அங்கேதான். ஐ.நா. பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்ற மண்டேலா விதிகளில் 76ஆவது விதி காவலர் பயிற்சியில் இது இடம்பெற வேண்டும் என்று பெயர் சொல்லியே கேட்கிறது. நார்வேயில் சிறைக்காவலர் ஆவதற்கு இரண்டு வருஷப் படிப்பு. அமெரிக்க மாநிலங்களில் வாரக் கணக்கில்தான்.

ஆக, முதல் பழக்கத்தை உடைக்க வேண்டும், இரண்டாவது பழக்கத்தை வளர்க்க வேண்டும். நடைமுறையில் நிர்வாகங்கள் செய்வது இதற்கு நேர் மாறு. தப்பித்தல் நடந்ததும் பேசுவதைத் தடை செய்வார்கள், படிவங்களைக் கூட்டுவார்கள். படிவம் கூடக்கூடப் பார்வை குறையும். டோட்டல் டேலி ஆனால் போதும் என்றாகிவிடும்.

முதல் பழக்கத்தை உடைப்பது உபதேசத்தால் ஆகிற காரியமில்லை. 'விழிப்பாக இரு' என்று எழுதி ஒட்டினால் அந்தச் சுவரொட்டியும் பழகிப்போகும். சுற்று போகும் நேரம், போகும் திசை, துவங்கும் அறை எல்லாம் மாறிக்கொண்டிருக்க வேண்டும். பின்சுவரைப் பார்க்கிற வேலையை அறையைச் சோதிக்கும் ஆளிடமே விடாமல் வேறொருவர் செய்ய வேண்டும். அவ்வப்போது மேலதிகாரி தானே ஒரு காலி அறையில் துணிமூட்டையைப் படுக்கவைத்து, எத்தனை சுற்றில் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்கலாம், தண்டிக்க அல்ல, கற்றுக்கொடுக்க. வாசல் சோதனை கண்காணிப்பாளர் முதல் கடைசி ஆள்வரை எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். 'நம்ம ஆளு' என்கிற ஒரு வார்த்தைதான் இறைச்சியை உள்ளே கொண்டுபோனது.

இரண்டாவது விஷயம் இன்னும் கஷ்டம். ஒரு படத்தை வாங்கிக்கொண்ட காவலர் மறுநாள் வந்து, 'ஐயா, தப்பு பண்ணிட்டேன், ஒரு படம் வாங்கிட்டேன்' என்று சொல்ல வழி இருக்கிறதா? சொன்னால் மெமோ, சஸ்பென்ஷன். ஆகவே சொல்லமாட்டார். சொல்லாத அந்த ரகசியம்தான் கைதியின் கையில் இருக்கும் கயிறு. சின்னத் தவறைச் சொல்வதற்கு வழி வைக்காத நிர்வாகம் அந்தக் கயிற்றைத் தானே முறுக்கிக் கொடுக்கிறது. தையற்கூடப் பெண் ஊழியர் பற்றி 2014இலேயே புகார் வந்து விசாரணையும் நடந்தது, ஸ்வெட் அந்தக் கூடத்திலிருந்து மாற்றப்பட்டார். அத்துடன் கோப்பு மூடப்பட்டது. அவரை யாராவது உட்காரவைத்துப் பேசியிருந்தால் என்று யோசிக்கத் தோன்றுகிறது. எல்லாப் பழியையும் கீழே இருப்பவர் மேல் போட்டுவிடவும் கூடாது. தப்பித்தலுக்குச் சில நாள் முன், மே 31 அன்று, கிளிண்டன் மைதானத்தில் பெரிய கைகலப்பு நடந்தது. சிறையைப் பூட்டி முழுச் சோதனை போட உள்ளூர் நிர்வாகம் கேட்டது. ஆல்பனியில் இருந்த தலைமை ஒப்புக்கொள்ளவில்லை. கூடுதல் நேரச் சம்பளம் ஒரு காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. அதன்பின் மூன்று வாரத் தேடலுக்குக் கூடுதல் நேரச் சம்பளமாக மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் போனது.

விலை கொடுத்தவர்கள் யார் என்பதற்கு வருகிறேன். தப்பிக்காதவர்கள். ஆனர் பிளாக்கில் மிஞ்சியிருந்த கைதிகளை விசாரணை என்ற பெயரில் காவலர்கள் அடித்தார்கள், தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார்கள் என்று கைதிகள் கொடுத்த புகார்களை நியூயார்க் டைம்ஸ் 2015 ஆகஸ்டில் வெளியிட்டது. பலர் தனிமைக் கொட்டடிக்கும் வேறு சிறைகளுக்கும் போனார்கள். வருஷக்கணக்காக நன்னடத்தையில் சேர்த்த சலுகைகள் போயின. எண்ண வேண்டியவர்கள் எண்ணாததற்குத் தண்டனை, எண்ணிக்கைக்குள் ஒழுங்காகப் படுத்துக்கிடந்தவர்களுக்கு. நம்மூரில் இந்த விலைக்கு இன்னொரு பெயர் உண்டு: 'தப்பியோட முயன்றபோது'. 2016 அக்டோபர் 31 அன்று போபால் மத்திய சிறையிலிருந்து ஒரு தலைமைக் காவலரைக் கொன்றுவிட்டுத் தப்பியதாகச் சொல்லப்பட்ட எட்டு விசாரணைக் கைதிகள் சில மணி நேரத்துக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போலீஸ் சொன்னதை விசாரணை ஆணையம் ஏற்றுக்கொண்டது. எட்டுப் பேர் எப்படி எண்ணிக்கையிலிருந்து விடுபட்டார்கள் என்ற கேள்வி தோட்டாச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மேஸ் தப்பித்தலுக்கு இரண்டே நாள் முன், 1983 செப்டம்பர் 23 அன்று, மட்டக்களப்புச் சிறை உடைக்கப்பட்டது. வெளியே வந்த தமிழ் அரசியல் கைதிகளில் பலர் இரண்டு மாதத்துக்கு முன் வெலிக்கடைச் சிறையில் உயிர்பிழைத்து, அங்கே மாற்றப்பட்டவர்கள். வெலிக்கடையில் ஜூலை 25, 27 ஆகிய இரண்டு நாள்களில் 53 தமிழ்க் கைதிகள் சிறைக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். அங்கே எந்தக் காவலருக்கு எந்தப் பயிற்சி கொடுத்துத் தப்பித்தலைத் தடுப்பது? உள்ளே இருப்பவனின் உயிரைக் காப்பேன் என்ற உறுதியை அரசு கைவிட்டபிறகு, அவன் தப்பக்கூடாது என்று சொல்லும் அருகதையும் அதற்கு இல்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் எதுவும் அந்த உறுதி இருக்கும் இடத்துக்கே பொருந்தும்.

கிளிண்டனுக்குப் பத்து வருஷம் கழித்து, 2025 மே 16 அன்று, நியூ ஆர்லியன்ஸ் நகரச் சிறையில் கழிப்பறைத் தொட்டிக்குப் பின்னால் ஓட்டை போட்டுப் பத்துப் பேர் போனார்கள். காவலுக்கு இருந்த ஒரே ஊழியர் சாப்பாடு வாங்கப் போயிருந்தார். கேமராக்களில் மூன்றில் ஒரு பங்கு வேலை செய்யவில்லை. காலைக் கணக்கெடுப்பில் தெரிவதற்குள் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இங்கேயும் சுவரில் ஒரு வாசகம்: ரொம்பச் சுலபம் என்று. அதே வருஷம் நியூயார்க் மாநிலச் சிறைக்காவலர்கள் ஆள் பற்றாக்குறையையும் கட்டாயக் கூடுதல் நேரத்தையும் காரணம் காட்டி, தொழிற்சங்க ஒப்புதல் இல்லாமலே வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்கள் இடத்தில் தேசியக் காவல்படைச் சிப்பாய்கள் நிறுத்தப்பட்டார்கள், ஒரு கைதியின் பெயரும் தெரியாதவர்கள்.

நண்பர் சொன்ன மற்றதைச் சொல்கிறேன் என்றேன். அவருடைய பிளாக்கில் வயதான ஒருவர், சாராய வழக்கு, மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடந்தாராம். நாலாம் நாள் ராத்திரி வார்டர் வந்தார், கம்பியைத் தட்டினார். 'எல்லாம் இருக்கீங்களாடா?' யாரோ 'இருக்கோம்யா' என்றார்கள். நடுச்சாமத்தில் இன்னொரு தடவை. விடிந்து டீக்கு எழுப்பும்போது பெரியவர் விறைத்துக் கிடந்தார். எப்போது போனார் என்று தெரியாது. அந்த இரவுக்கான ஏட்டில் இரண்டு கணக்கும் சரியாக இருந்தன. அவரையும் சேர்த்து.

'அந்த வார்டர் கெட்டவர் இல்லப்பா. எனக்கு பீடியெல்லாம் குடுத்திருக்காரு' என்றார் நண்பர். 'பெரியவரைத் தூக்கிட்டுப் போறப்ப அவர்தான் ஒரு கை பிடிச்சாரு. பேரு என்னன்னு எங்கிட்டதான் கேட்டாரு.'